கீழ்வீட்டுக்காரர் கேட்ட பெடல்

"நீங்க ஒரு வால்யூம் பெடல் வாங்கிக்கோங்களேன்."

வாசலில் நின்று கீழ்வீட்டுக்காரர் சொன்னதும் பஸ் டிரைவருக்குச் சுருக்கென்றது.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கா சார்?"

"சேச்சே, அதுக்கில்லை..." என்று இழுத்தார் அவர். "வாங்கப் போறப்ப சொல்லுங்க. நானும் வரேன்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா? சத்தத்தைக் குறைடான்னு நாசூக்காச் சொல்லிட்டுப் போறார்" என்றாள் டிரைவரின் மனைவி.

கீழ்வீட்டுக்காரர் ரிட்டயரான நூலகர். ஆயுசு முழுக்க அடுத்தவர்களை வாய் மூடச் சொல்லியே சம்பளம் வாங்கியவர். டிரைவரின் மகள் அவருக்கு 'உஷ் சார்' என்று பேர் வைத்திருந்தாள். அவர் கீழே குடிவந்து ஒரு மாசம் ஆகிறது. அவர் மனைவியின் முகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"பெரிய இடம் போல. நம்ம கூடல்லாம் பழக மாட்டாங்க" என்று டிரைவரின் மனைவி அதற்கும் ஒரு முடிவு கட்டி வைத்திருந்தாள்.

டிரைவருக்கு வலித்தது. இருபது வருஷமாக ஆசைப்பட்டு, இப்போதுதான் அந்தப் பெடல் ஸ்டீல் கிட்டாரை வாங்கியிருந்தார். மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும். உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். வலது கை மீட்ட, இடது கை கம்பிகள் மேல் இரும்புத் துண்டை நகர்த்த, இடது கால் கீழே இருக்கிற பெடல்களை மிதிக்க, முழங்கால்கள் இரண்டும் பக்கத்து நெம்புகோல்களைத் தள்ள வேண்டும். சும்மா இருப்பது வலது கால் மட்டும்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்யூம் பெடலை மிதிக்க, அதற்கும் இப்போது ஒரு வேலை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள்.

கடையில் இருந்த பெண் முதலில் ஒரு சின்னப் பெடலை எடுத்து வைத்தாள். டிரைவர் அங்கேயே இருந்த ஸ்டீல் கிட்டார் முன்னால் உட்கார்ந்து ஒரு கம்பியை மீட்டினார்.

உஷ் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு செகண்ட். இது வேண்டாம்."

டிரைவருக்கு முகம் சிவந்தது.

அடுத்தது உயரமான பெடல். காலை வைத்ததும் முழங்கால் மேலே போய் நெம்புகோலில் இடித்தது. "இது நின்னுக்கிட்டு வாசிக்கிறவங்களுக்கு சார்" என்று அவளே எடுத்து வைத்துவிட்டாள்.

மூன்றாவது பெடல் தாழ்வாக, நீளமாக இருந்தது. டிரைவர் அதை ஒரே மிதியாக மிதித்துக் கம்பியை மீட்டினார். கடையே அதிர்ந்தது.

"ஐயோ சார், பிரேக் இல்லை அது!" என்று சிரித்தாள் அவள். "பாதி மிதிச்சு வெச்சுக்கிட்டு மீட்டுங்க. சத்தம் அடங்க அடங்க, கொஞ்சம் கொஞ்சமா அமுக்கிக்கிட்டே போங்க. எடுத்த எடுப்புல எல்லாத்தையும் குடுத்துட்டா, அப்புறம் குடுக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது."

"மேட்டுல வண்டியை ஏத்தற மாதிரின்னு சொல்லு."

"அதேதான்!"

டிரைவர் மறுபடி மீட்டினார். நாதம் தேயத் தேயப் பாதம் மெல்ல இறங்கியது. நாதம் விழாமல் நின்றது. அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

நிமிர்ந்தால், உஷ் சார் ஸ்பீக்கர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு... பன்னெண்டு... இன்னொரு தடவை வாசிங்க, தம்பி."

அவ்வளவுதான். டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன சார் இது? எத்தனை செகண்ட் தொல்லை குடுக்கறேன்னு கணக்கெடுக்கறீங்களா? வாசிக்காதேன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. மூட்டை கட்டி வெச்சுடறேன். இப்படிக் கடை வரைக்கும் வந்து மானத்தை வாங்கணுமா?"

கடைப்பெண் நைசாக உள்ளே நழுவினாள்.

உஷ் சார் எழுந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க, தம்பி. வீட்டுல அவளுக்கு ஆறு மாசம் முன்னாடி பக்கவாதம் வந்தது. கை கால் தேறிடுச்சு. பேச்சுதான் வரலை."

டிரைவருக்குக் கால் பெடலிலேயே உறைந்துவிட்டது.

"நாலு பேரைப் பாக்கவே கூசறா. 'ஆ'ன்னு நீட்டிச் சொல்லிப் பழகணும்னு டாக்டர் சொல்றார். பயிற்சி குடுக்க வந்தவங்க கெஞ்சிப் பாத்தாங்க, நான் அழுதே பாத்துட்டேன். வாயைத் திறக்கலை. யாராவது கேட்டுடுவாங்களோன்னு வெக்கம். அதான் நானும் வெளியில மூச்சு விடலை."

"சார், நான்..."

"நீங்க மேல வாசிக்க ஆரம்பிச்சீங்க. முதல் நாளே கூரையைப் பாத்தா. ரெண்டாம் நாள் உங்க கூடவே 'ஆ'ன்னு இழுத்தா. நீங்க எது வரைக்கும் இழுக்கறீங்களோ, அது வரைக்கும் அவளும் இழுக்கறா. நீங்க நிறுத்தினா நிறுத்திடறா. இந்தப் பெடல் இருந்தா நாதம் நீளும்னு ஒரு புத்தகத்துல படிச்சேன்."

டிரைவர் மெல்ல எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு இன்னும் மூச்சு மிச்சம் இருக்கு, தம்பி. உங்க கம்பிதான் முதல்ல ஓஞ்சுடுது."