பழைய மதர்

தாயை இழந்த பிரணவின் அப்பாவுக்குச் சுபத்ரா மனைவியாகி எட்டு மாதம். அவன் இன்னும் அவளை எந்த உறவுமுறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. கேம் விளையாட வேகமான ப்ராசஸர் வேண்டுமென்று அப்பாவிடம் அவன் கேட்டதைக் காதில் வாங்கி, அவளே வாங்கிக்கொடுத்தாள். அது அவனுடைய கம்ப்யூட்டரில் பொருந்தவில்லை. இருவரும் கடைக்கு வந்திருந்தார்கள்.

கடைக்காரர் அவனுடைய மதர்போர்டைத் திருப்பிப் பார்த்தார். “பழைய மதர்ல இது உட்காராது தம்பி. மதரை மாத்திடலாமா?”

“மதரை மாத்த வேணாம்ண்ணா. பழசே போதும்.”

ப்ராசஸரின் ஊசிகள் உள்ளங்கையில் குத்தும்வரை சுபத்ரா விரல்களை மடக்கினாள்.

“அப்போ இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?”

“சீல் பிரிச்சாச்சேம்மா. இனிமே எங்க திருப்புறது?”

தான் சொன்னது அப்போதுதான் உறைத்ததுபோல் பிரணவ் அவள் பக்கம் திரும்பினான்.