முதல் மரியாதை

அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு நேர்ச்சையாக வந்த சேவலையும் செம்மறிக் கடாவையும் ஒரே மரத்தில் கட்டியிருந்தார்கள்.

"சீடர் இராயப்பர் ஆண்டவரைத் தெரியவே தெரியாதுன்னு மறுதலிச்சப்போ கூவினது எங்க பாட்டன். இங்க முதல் மரியாதை எனக்குத்தான்" என்றது சேவல்.

"பூசைக்குப் பூசை சாமியார் 'இறைவனின் செம்மறியே'ன்னு யாரைக் கூப்பிடுறார்? கொஞ்சம் தள்ளி நில்லும்" என்றது கடா.

பூசை முடியும்வரை இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அசன விருந்துக்குச் சமைக்க வந்த ஞானப்பு, கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "உங்கள்ல முதல்ல யாரு?"

கடா பணிவாகத் தலையைத் தாழ்த்தியது. "சேவல் ஐயா குடும்பம்தாங்க பெரிய குடும்பம்."

சேவல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நான் இந்தக் கோயில் பங்கே இல்லைங்க. பக்கத்துப் பங்கு. சும்மா திருவிழா பார்க்க வந்தேன்."