இன்னும் ஒரு சந்தேகம்

"எந்திரிங்க எல்டர், வெயில் ஏறிடுச்சு."

லுண்ட் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"நீ போய்க் கதவு தட்டு. நான் தட்டினது போதும்."

சோக்கே தனியாக எங்கே போவது? மார்மன் கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்கு வருகிற பையன்களுக்கெல்லாம் 'எல்டர்' என்றுதான் பட்டம்; எங்கே போனாலும் ஜோடிதான். ஒரு எல்டர் இல்லாமல் இன்னொரு எல்டர் வாசல் தாண்டக் கூடாது. பொலிவியாவிலிருந்து இந்த ஹோண்டுராஸ் துறைமுகத்துக்கு அவன் வந்தே மூன்று வாரம்தான் ஆகிறது. தெருமுனையில் நிற்கிற பயல்களைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

லுண்ட் அமெரிக்காக்காரன். ரெண்டு வருஷ ஊழியத்தில் இது அவனுக்குக் கடைசி மாசம்.

"ஒரே மாசம்தானே, பல்லைக் கடிச்சிட்டு இருங்களேன்."

"ரெண்டு வருஷமாக் கடிச்சாச்சு. ஒரே ஒரு ஆள் ஞானஸ்நானத்துக்கு வந்தானா? இன்னும் ஒரு கதவை மூஞ்சில அறைஞ்சாங்கன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்டா. ஒரு நாள் பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஏறிடறேன் பாரு."

செய்தாலும் செய்வான். அதுதான் சோக்கேவின் பயமே. பாதியில் ஓடி வந்தவன் என்று பேர் வாங்கிவிட்டால் சபையில் அது ஆயுசுக்கும் போகாது.

சட்டென்று லுண்டே எழுந்து உட்கார்ந்தான். "சரி கிளம்பு. எர்மினியோ இன்னிக்கு ஏதோ சந்தேகம் கேக்கணும்னாரு."

எர்மினியோவுக்கு பஸ் ஸ்டாண்ட் போகிற வழியில் பஞ்சர் கடை. நாற்பது வயசு, வாய் முழுக்க நக்கல்.

"வாங்கய்யா, சொர்க்கத்து ஏஜெண்டுகளா! இந்த வெயில்ல டை கட்டி வேகறீங்களே, அங்கேயும் இதே யூனிஃபார்ம்தானா?"

மற்ற வீடுகளில் முதலில் காபியை நீட்டுவார்கள். சபைக்காரர்கள் காபி தொடமாட்டார்கள் என்று விளக்கியே வாய் வலிக்கும். எர்மினியோ கேட்காமலே புளி சர்பத் கொடுத்தார்.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். நோவா கப்பல்ல கொசுவும் ரெண்டு இருந்திருக்கும்ல? அப்பவே ரெண்டையும் பட்டுன்னு அடிச்சிருந்தா நமக்கு இந்தக் கஷ்டம் உண்டா?"

லுண்ட் சிரித்துவிட்டான். அப்புறம் வேதப் புத்தகத்தைத் திறந்து வியர்க்க வியர்க்க விளக்கினான்.

"அப்ப ஞானஸ்நானத்தை எப்ப வச்சுக்கலாம்?" என்றான் சோக்கே, பொறுமையில்லாமல்.

"அட, இரு தம்பி. இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு. நாளைக்கு வாங்க."

அந்த நாளை வரவே இல்லை. தினமும் ஒரு கேள்வி, ஒரு நக்கல், ஒரு "நாளைக்கு வாங்க".

"அந்தாளு உங்களை வச்சு விளையாடறாரு எல்டர். பொழுது போகலைன்னா நாமதானா கிடைச்சோம்?"

"விடுடா. கதவைச் சாத்தாம ஒருத்தராவது கேக்கறாரே."

சோக்கேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நொந்து கிடக்கிறவனிடமா விளையாட்டு? இவரும் கடைசியில் கையை விரித்தால் லுண்ட் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவான்.

அடுத்த வாரம் சோக்கே குளித்துவிட்டு வந்தபோது லுண்டின் கட்டில் காலி. பெட்டியையும் காணோம்.

சோக்கே ஈரத் தலையோடு தெருவில் இறங்கி ஓடினான். முனையில் இருந்த பயல்கள் விசில் அடித்தார்கள். ஆண்டவரே, பஸ் போயிருக்கக் கூடாது, பஸ் போயிருக்கக் கூடாது.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. பஞ்சர் கடை வாசலில் லுண்ட் தன் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எதிரே எர்மினியோ, கையில் பாதி கழற்றிய டயர்.

"செத்துப்போன எங்கம்மாவை நான் மறுபடி பாப்பேனா, மாட்டேனா? இதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு எங்க வேணா போய்க்க, தம்பி."

லுண்ட் பதில் சொன்னான். வெகுநேரம் சொன்னான். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடையைத் தாண்டிப் போனது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல இன்னொரு சந்தேகம் வருதே. நாளைக்கு வர்றியா?"

லுண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சோக்கேவோடு வீட்டுக்குத் திரும்பினான்.

மாசம் முடிந்தது. முழு ஊழியத்தையும் முடித்தவனாகத் தலைநிமிர்ந்து சபை வேனில் ஏறினான் லுண்ட்.

"எர்மினியோ இறங்கி வந்துடுவாரு. நீதான் அவரைக் கரை சேர்க்கணும். ஞானஸ்நானம் ஆனதும் போட்டோ அனுப்பு, என்ன?"

லுண்டுக்குப் பதிலாக அதே வேனில் வந்திறங்கிய புது எல்டரை இழுத்துக்கொண்டு சோக்கே நேராகப் பஞ்சர் கடைக்குப் போனான்.

"லுண்ட் போயாச்சு. நீங்க வருவீங்கன்னு நம்பிட்டே போயிருக்காரு. சனிக்கிழமை ஞானஸ்நானம் வச்சுக்கலாமா, இல்ல இன்னும் சந்தேகம் தீரலியா?"

எர்மினியோ இந்தத் தடவை நக்கல் அடிக்கவில்லை.

"எனக்கு எட்டு வயசுலயே ஆயிடுச்சு தம்பி. உங்க சபைலதான்."

சோக்கேவுக்கு ரத்தம் கொதித்தது. "அப்ப எதுக்கு அந்த மனுஷனை ஒரு மாசமா ஏமாத்தினீங்க? இதெல்லாம் ஒரு விளையாட்டா?"

எர்மினியோ ஒட்டுப்போடும் ரப்பர் டப்பாவைக் கிளறி எதையோ எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினார். சோக்கேவின் நெஞ்சில் இருந்ததைப் போலவே ஒரு கறுப்புப் பேட்ஜ். கிரீஸ் படிந்து எழுத்து பாதி அழிந்திருந்தது. 'எல்டர்' மட்டும் தெரிந்தது.

"பனாமாவுல ஊழியம் பண்ணேன். ஒரு மாசம் பாக்கி இருக்கறப்ப நானும் பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அன்னிக்கு இருந்து இன்னிக்கு வரைக்கும் எந்தச் சபை வாசப்படியும் ஏற மூஞ்சி இல்ல" என்றார் எர்மினியோ. "அவ்வளவு தூரம் நடந்தேனே தம்பி, வழியில ஒருத்தர்கூட என்னை நிறுத்தி ஒரு சந்தேகம் கேக்கல."