எங்கோ தப்பு

ஒரு காட்டில் குருத்து என்றொரு புதுக் கம்ப்யூட்டர் மொழி பிறந்திருந்தது. அதில் ஒரு பெயருக்கு ஒருமுறை மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது. வேண்டுமானால் புதிதாக இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளலாம். தப்பு செய்தால் ‘எங்கோ தப்பு’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எந்த வரி, என்ன தப்பு? மூச்சு விடாது.

மழை வருமுன் கூவிச் சொல்லும் புரோகிராம் ஒன்றை அணில் அதில் எழுதினாள். போன மழையில் கூடு நனைந்து குட்டிகள் நடுங்கிப்போயிருந்தன. புரோகிராம் ஓடவில்லை. எங்கோ தப்பாம். எல்லோரையும் போல அவளும் வேலிக்குப் போய், தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஓணான் அண்ணனிடம் கேட்க வரிசையில் நின்றாள். அவள் முறை வருவதற்குள் மழை கொட்டிவிட்டது.

ஓணான் தலையை ஆட்டியபடி பார்த்தார். "மேல் வரியில காத்து வேகத்துக்கு ஒரு மதிப்பு குடுத்துட்டு, கீழ் வரியில அதை மாத்தப் பார்க்கிறே. எல்லாரும் செய்யுற தப்புதான்."

"எல்லாரும் செய்யுறதுன்னா, அதை மொழியே சொல்லிட்டா என்ன அண்ணே?"

"எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கீங்க. என் கூடு நனைஞ்சுபோச்சே!"

அணில் குட்டிகளைத் துவட்டிவிட்டு உட்கார்ந்தாள். தப்பு எந்த வரியில், என்ன தப்பு என்று காட்டும் கருவியொன்றை எழுதி எல்லோருக்கும் கொடுத்தாள். வேலியடியில் வரிசை மெல்லக் கரைந்தது.

அடுத்த மழைக்கு அவள் புரோகிராம் முன்கூட்டியே கூவியது. குட்டிகளைப் பொந்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது ஓணான் மரமேறி வந்தார்.

"ஏதாவது தப்பு வருதாம்மா?"

"இல்லையே அண்ணே."

"நல்லாப் பாரு தாயி" என்றார் ஓணான். "சின்னதா ஒண்ணு இருந்தாக்கூடப் போதும்."