கணப்பு பார்த்துச் சொன்ன ஆள்

மலைமேல் இருந்த ஒரு வீட்டை விறகுக் கணப்புதான் சூடாக வைத்திருந்தது. விறகு நனைந்துபோனால் என்ன செய்வது என்று வீட்டுக்காரிக்குக் கவலை வந்தது. மாற்றாக ஒரு ஹீட்டர் வைக்க முடிவு செய்தாள்.

"உன்கூட இருக்கப்போறது. நீயே பார்த்துச் சொல்லு," என்றாள் கணப்பிடம்.

கணப்பு இரண்டு ஹீட்டர்களைக் கூப்பிட்டு விசாரித்தது.

"மழையோ புயலோ, சிலிண்டர் இருந்தா போதும், நான் எரிவேன்," என்றது கேஸ் ஹீட்டர்.

"எனக்குக் கரண்ட் வேணும் அண்ணே. மழை பிடிச்சா இங்க கரண்ட் இருக்காது. ஆனா நீங்க எரியுறப்போ நான் வாயே திறக்கமாட்டேன்," என்றது கரண்ட் ஹீட்டர்.

"கேஸுக்கு வாய் நீளம். இந்தத் தம்பியே இருக்கட்டும்," என்றது கணப்பு.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. விறகு நனைந்தது, கரண்டும் போனது. வீட்டுக்காரி நடுங்கிக்கொண்டே குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"தப்பு பண்ணிட்டோமோ அண்ணே?" என்று கேட்டது ஹீட்டர்.

"என்ன தப்பு?" என்றது கணப்பு, குளிர்ந்த சாம்பலோடு. "நான் ஒரு நாள் படுத்துட்டா இந்த வீடு என்ன கதி ஆகும்னு இப்பவாவது தெரிஞ்சிருக்கும்ல!"