கழுத்தில் ஒரு நீலக்கல்

கிறிஸ்துமஸுக்கு எப்போதும் சேலை எடுத்துக் கொடுக்கும் சுகன்யா, இந்த வருஷம் சமையல்கார ஸ்டெல்லாவின் கழுத்தில் ஒரு நீலக்கல் சங்கிலியைத் தன் கையாலேயே போட்டுவிட்டாள். "கழட்டவே கூடாது, என் ஞாபகமா இருக்கட்டும்" என்றாள். ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நேற்று ராத்திரி மட்டும் கழற்றினாள். காய்ச்சலில் சிணுங்கிய மகள் பெனினா அதைத்தான் கேட்டு அழுதாள். சங்கிலியோடு படுத்த குழந்தை, விடியும்வரை நாய் குரைப்பதுபோல் இருமியது. காலையில் பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, சங்கிலியை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள் ஸ்டெல்லா.

அடுக்ககத்தின் கம்பிக்கதவு வழக்கம்போல் தானாகத் திறக்கவில்லை. சுகன்யாவுக்குப் போன் போட்டாள்.

"உனக்கு மூச்சுக்குழாய்ல தொற்று இருக்கு ஸ்டெல்லா. சரியானதும் வா."

"எனக்கு இருமலே இல்லையேக்கா. யாரு சொன்னா?"

ஸ்டெல்லாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கல் லேசாகச் சுட்டது.

"போன மழைக்கு உங்க புள்ள விஹான் மூச்சுத் திணறினப்போ, நான்தானேக்கா தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன்?"

"உங்கிட்டேர்ந்து ஒட்டியிருக்கும்னு டாக்டர் சொன்னார். அப்புறந்தான் இருமலைக் கேட்டு என் போனுக்குச் சொல்ற அந்தக் கல்லை வாங்கினோம்."

"இருமுனது எம்பொண்ணுக்கா. நாலு வயசு."

"அப்பாடா! உனக்கோன்னு பயந்துட்டேன். அப்போ புள்ளகிட்ட போகாம ஒரு வாரம் இங்கயே தங்கிடு. சங்கிலிய மட்டும் கழட்டாத."

கதவு திறந்தது. ஸ்டெல்லா சங்கிலியைக் கழற்றி கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு, வந்த வழியே நடந்தாள்.