இன்னும் பதினேழுதான்

ஆறாவது முறையாகப் பட்டியலைத் திறந்து பார்த்தான். இன்னும் பதினேழுதான்.

நாளை முதல் அலுவலகம் மேல்தளத்துக்கு மாறுகிறது. யாருக்கு எந்த இருக்கை என்று கணினியில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். நான்கு மணிக்கு ஆட்கள் வந்து, அதில் உள்ளபடி மேசைகளில் பெயர் ஒட்டுவார்கள். ஒட்டிவிட்டால் ஒரு வருடத்துக்கு அசைக்க முடியாது.

அவனுக்குப் பதினேழு. ஒட்டினாற்போல், பதினெட்டில் அவள்.

வேறு யார் அருகில் வேண்டுமானாலும் உட்கார அவன் தயார். நாள் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் அந்த வடிவமைப்பாளர் பக்கத்தில்கூட.

மூன்று நாளுக்கு முன், மதியச் சாப்பாட்டின்போது, எட்டுப் பேர் முன்னால் அவன் தன் வீட்டுக் குளியலறையில் பாம்பை விரட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பாம்பு படமெடுத்துச் சீறும் கட்டம்.

"அது பாம்பு இல்ல, தண்ணி ட்யூப்பு" என்றாள் அவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. பதிலுக்கு அவன் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

இருக்கை மாற்றம் கேட்பதற்கான கெடு போன வாரமே முடிந்துவிட்டது. ஆனால் டேட்டாபேஸுக்குள் நேராகப் போகும் அனுமதி அந்த அலுவலகத்தில் நாலைந்து பேருக்கு உண்டு. அதில் அவன் ஒருவன். காலை பத்து மணிக்கு, முகத்தை நல்ல பிள்ளை போல வைத்துக்கொண்டு, தன் பெயருக்கு நேரே இருந்த பதினேழை அழித்து நாற்பத்தொன்று என்று போட்டான்.

நாற்பத்தொன்று தளத்தின் கோடியில் இருக்கிறது. காலியாக இருந்ததே இரண்டு இருக்கைகள்தான், அதுவும் அதை ஒட்டிய நாற்பத்திரண்டும். ஒன்றில் அவன், மற்றதில் யாருமில்லை. இதைவிட என்ன வேண்டும்?

அடுத்தவர் வரியை அவன் தொடவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திருட்டு வேலைக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

ஆனால் பட்டியல் மசியவில்லை. டேட்டாபேஸில் போய்ப் பார்த்தால் நாற்பத்தொன்று, பட்டியலில் வந்து பார்த்தால் பதினேழு. வேறு ப்ரௌசரில் பார்த்தான். கைபேசியில் பார்த்தான். கணினியை அணைத்துப் போட்டான். பதினேழு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

இதில் அவள் தொல்லை வேறு. இந்தத் தளத்திலும் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் அவள்தான். காலையிலிருந்து ஒரே விசையை டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தாள். தன்னை வெறுப்பேற்றத்தான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டான்.

மூன்றரை மணிக்கு, வேறு வழியில்லாமல், சித்தப்பாவிடம் போய் நின்றான். சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். வயதென்னவோ முப்பத்தைந்துதான். எல்லாரையும் உரிமையோடு திட்டுவதால் அந்தப் பெயர்.

"கொல்லைப் பக்கமாப் புகுந்து மாத்தினா, பட்டியலைக் காட்டுற கேஷ் மெமரிக்கு எப்படிடா தெரியும்? காலையில எடுத்து வச்ச நகலைத்தான் அது நாள் முழுக்கக் காட்டிக்கிட்டிருக்கும். வாசல் வழியா வந்திருந்தா அதுவே புதுசு பண்ணிக்கும்."

அவன் பாவம்போல நின்றான். எதை மாற்றினாய் என்று சித்தப்பா கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் திட்டி முடிக்க அவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் பழைய நகலை அழித்தார்.

சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் பட்டியல் ஒரு கணம் வெளுத்து, மறுபடி நிறைந்தது.

பதினேழு காலி. நாற்பத்தொன்றில் அவன். அப்பாடா என்று மூச்சு விட்டான். பாதி மூச்சிலேயே நின்றுவிட்டான்.

பதினெட்டும் காலி.

நாற்பத்திரண்டில் அவள்.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு தளமே சிரித்தது. மூக்கை உறிஞ்சுபவர் கைதட்டினார்.

தடுப்புப் பலகைக்கு மேலே அவள் தலை எழுந்தது. திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அவளும் காலையில் அதே கொல்லை வழியாகப் போய், தன் ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வந்து உட்கார்ந்து, பட்டியல் மாறிவிட்டதா என்று அந்த விசையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, நம்மை விட்டு இவளும் ஓடப் பார்த்தாளே என்று சுருக்கென்றும் இருந்தது.

பெயர் ஒட்டும் ஆட்கள் பசையும் கத்திரிக்கோலுமாக லிஃப்டிலிருந்து இறங்கினார்கள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. யாராவது ஒருத்தர் பழைய இடத்துக்கே போறீங்களா?" என்றார் சித்தப்பா.

அவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டுக்கு நகர்ந்தது. ஆட்கள் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு மேலே போனார்கள்.

அவள் பலகையைச் சுற்றிக்கொண்டு அவனிடம் வந்தாள். எதிரே நின்று, மேசைமேல் இல்லாத தூசியை விரலால் தட்டினாள்.

"பால் தீர்ந்து மூணு நாளாச்சு. போறப்ப வாங்கணும்."

"அரை லிட்டரா, ஒரு லிட்டரா?" என்று கேட்டான் அவள் புருஷன்.